வழி தவறித் தங்கியவர்

திருப்பூர் ராயபுரத்தில் தண்டாயுதபாணியின் காம்பவுண்டில் குடியிருப்பவர்கள் யாரும் அங்கே சாவதில்லை.

இப்படியொரு விதியை எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வாடகை பேசும்போது குழாயடி முறை வரும், மோட்டார் போடும் நேரம் வரும், விருந்தாளி தங்கலாமா, சுவரில் ஆணி அடிக்கலாமா என்பதெல்லாம் வரும்; சாவு வராது. ஆனாலும் எதிரெதிராக இரண்டு வரிசையில் நிற்கும் அந்த லைன் வீடுகளில் எல்லோருக்கும் அது தெரியும். நோய் முற்றினால் ஊருக்குக் கொண்டுபோய்விட வேண்டும். திடீரென்று போய்விட்டால், உடல் ஆஸ்பத்திரியிலிருந்தே நேராகத் தெற்கே அவரவர் ஊருக்குப் போய்விட வேண்டும். ஒன்பதாம் நம்பர் டெய்லர் மிஷின் மேலேயே சாய்ந்தபோது அப்படித்தான் நடந்தது. அவர் மனைவி காரியம் முடித்துத் திரும்பி வந்து, மறுநாள் காலையில் எதுவும் நடவாததுபோல் குழாயடியில் குடத்தோடு நின்றாள். இரண்டாம் நம்பரில் பால்குடி மறக்காத குழந்தை ஒன்று இறந்தபோது, தாய் அதைத் தூங்குகிற பிள்ளையைப்போல் மடியில் கிடத்திக்கொண்டு உசிலம்பட்டி பஸ் ஏறினாள். அழுகை கூட ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான்.

அதே காம்பவுண்டின் முகப்பில் இருக்கும் மாடி வீட்டில் தண்டாயுதபாணியின் தாயார் காலமானார். தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள், குளிர்பெட்டி வந்தது, ஊரே வந்து மாலை போட்டது. குடித்தனக்காரர்கள்தான் ஓடியாடி டீ கொடுத்தார்கள். அதில் யாருக்கும் எந்த முரணும் தெரியவில்லை. சொந்தக்காரருக்குச் சாவு உண்டு, வாடகைக்கு இருப்பவருக்கு இல்லை. அவ்வளவுதான்.

ஏழாம் நம்பரில் வளர்ந்த அபிராமிக்கும் அந்த முரண் தெரியவில்லை, அவளுடைய அப்பாவின் நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர் வாய் திறக்கும்வரை.

"இனி இங்க வெச்சிருந்து பிரயோசனம் இல்லைம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

எல்லா டாக்டர்களும் சொல்கிற வாசகம். கைவிட்டுவிட்டோம் என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. அபிராமி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றபோதுதான் எந்த வீட்டுக்கு என்ற கேள்வி அவளுக்குள் எழுந்தது.

ராஜபாண்டி கமுதிக்கு அந்தப் பக்கமுள்ள ஒரு கரிசல் கிராமத்திலிருந்து, கல்யாணமான புதிதில் மனைவி நாகஜோதியோடு திருப்பூருக்கு வந்தவர். பனியன் கம்பெனியில் தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, கட்டிங் மாஸ்டர் ஆனார். துணியடுக்கின் மீது கத்தி மிஷினை ஓட்டும்போது கிளம்பும் பஞ்சு அவர் புருவத்தில் எப்போதும் படிந்திருக்கும். நாகஜோதி வீட்டிலேயே பனியன்களுக்குப் பிசிறு வெட்டினாள். அந்த நூல் துணுக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்துத்தான் அபிராமி ஆங்கில இலக்கியத்தில் ஆராய்ச்சி செய்யுமளவுக்கு வந்தாள். ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராகவும் இருந்தாள்.

அவளுடைய ஆய்வு ஆங்கில நாவல்களில் வரும் வீடுகளைப் பற்றியது. அதில் ஓர் அத்தியாயத்தை 'டுவெல்லிங்' என்ற ஒரே சொல்லுக்கு ஒதுக்கியிருந்தாள். குடியிருப்பு என்று இன்று பொருள்படும் அந்தச் சொல்லின் அடிவேரில் குடியிருப்பே இல்லை என்பதை முதலில் கண்டுகொண்டபோது அவளுக்கு உடல் சிலிர்த்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அதன் வினைச்சொல் ஒருவரை வழி தவறச் செய்வது, ஏமாற்றுவது என்ற பொருளில் வழங்கியது. பிறகு தடைப்படுத்துவது, தாமதிக்கச் செய்வது. வடக்கேயிருந்து கப்பலில் வந்தவர்களின் மொழியில் அதற்கு இணையான சொல்லுக்கும் தாமதம் என்றுதான் பொருள். தாமதித்தவன் அங்கேயே நிற்கிறான், நின்றவன் தங்குகிறான், தங்கியவன் வாழ்கிறான். இன்னும் ஆழமாகத் தோண்டிய அகராதிக்காரர்கள் அதன் வேரைத் தூசி, புகை, மயக்கம் என்பவற்றோடு முடிச்சுப் போடுகிறார்கள். கண்ணை மறைக்கும் ஒன்றில் தொடங்கி, கதவுள்ள ஒன்றில் அந்தச் சொல் முடிந்திருக்கிறது.

நோய் தெரிவதற்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடும்போது அப்பாவிடம் இதைச் சொன்னாள். ராஜபாண்டி கறிக்குழம்பில் கைவைத்தபடியே கேட்டார்.

"ஏத்தா, முதல்ல என்ன அர்த்தம்னு சொன்ன?"

"வழி தவற வைக்கிறதுப்பா. அப்புறம் லேட் ஆக்குறது. கடைசியிலதான் குடியிருக்கிறது."

"அப்ப வெள்ளைக்காரன் திருப்பூருக்கு வந்து பாத்துட்டுத்தான் அந்த வார்த்தையை வச்சிருக்கான்." அவர் சிரித்தபோது இருமல் வந்தது, அப்போது அது வெறும் இருமலாகவே இருந்தது. "ரெண்டு தீவாளி பாத்துட்டுக் கிளம்பிருவம்னுதான வந்தோம்."

"வழி தவறுனது நீங்க. என்னையவும் சேத்துல்ல இழுத்துட்டு வந்தீக," என்றாள் நாகஜோதி.

"நான் எங்கிட்டுடி இழுத்தேன்? சன்னலோர சீட்டு வேணும்னு சண்ட போட்டு என்னைய முந்தி பஸ்ஸுல ஏறுனவ நீ."

"ஆமா, ஏறுனவளுக்கு இந்தப் பத்துக்குப் பத்து அரமனையக் குடுத்துட்டீக."

"அரமனைக்கென்ன, ஒரு குறை சொல்ல முடியுமா? படுத்தா கால் அடுப்படியில இருக்கும், தல வாசல்ல இருக்கும். வீட்டை முழுசா ஆளுறவன் நானு."

அந்த மனிதர்தான் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் விலா எலும்புகள் ஒவ்வொன்றாய்த் தெரிய, மூச்சைக் கடன் வாங்கியவர்போல் இழுத்துக்கொண்டு கிடந்தார். டாக்டர் சொன்னதை மகள் சொல்லாமலேயே புரிந்துகொண்டார். அவள் காதருகே குனிந்தபோது மிகத் தெளிவாகச் சொன்னார்.

"ஊருக்கு வேணாம்த்தா. அங்க எனக்கு ஒண்ணுமில்ல. ஏழாம் நம்பருக்கே போயிருவம். என் பாயில கிடந்துட்டுப் போறேன்."

இதில் புரியாததற்கு ஒன்றுமில்லை. நாகஜோதியும் கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்தாள். காய்ச்சலில் பிதற்றுகிறவரின் வாயைத் துடைப்பதைப்போல.

அன்று மாலையே தண்டாயுதபாணி ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்தார். நல்ல மனிதர். ஒருநாளும் குரலை உயர்த்தியவரல்லர். கட்டிலருகே நின்று வெகுநேரம் ராஜபாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியதை அபிராமி பார்த்தாள். அது நடிப்பில்லை. பிறகு அவளை வராந்தாவுக்கு அழைத்துக் கேட்டார்.

"ஊருக்கு எப்பங்க கண்ணு கூட்டிட்டுப் போறீங்க?"

"இன்னும்... யோசிக்கலீங்க."

"யோசிக்கிறதுக்கு என்னுங்க இருக்குது. சொந்த மண்ணு சொந்த மண்ணுதானுங்களே. காத்தோட்டமா இருக்கும், நாலு சனம் வந்து பாக்கும். வண்டி வேணும்னா நம்ம பையன் காரை அனுப்பறனுங்க. வர்ற மாசம் நம்ம பொண்ணு வர்ஷினிக்கு நிச்சயம் வெச்சிருக்குது, ஊடெல்லாம் வெள்ளையடிக்கோணும். இல்லாட்டி நானே கூட வந்து உட்டுட்டு வருவனுங்க."

அவ்வளவுதான். விதி அன்று ஒரு பயணவிசாரணையாக வந்து, ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டுப் போயிற்று.

ஊரில் இருந்த ராஜபாண்டியின் அண்ணன் மொக்கைச்சாமியிடம் நாகஜோதி போனில் பேசினாள். இவர்களுடைய பங்கு வீடு விழுந்து மண்மேடாகி, அந்த இடத்தில் அவர் ஆடு கட்டுவதாக எல்லோருக்கும் தெரியும். "கொண்டாங்க, கொண்டாங்க. ஆட்டை அங்கிட்டு மாத்திக் கட்டிட்டு கொட்டாயைக் கூட்டி வைக்கிறேன். வேற எங்க வைக்க?" என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்தது பகையில்லை, அலுப்பு.

"அப்பா தெளிவாத்தானம்மா சொன்னாரு," என்றாள் அபிராமி.

"சொன்னாரு. சொல்லிட்டு அவரு போயிருவாரு." நாகஜோதி தலையணையின் உறையை மாற்றிக்கொண்டே பேசினாள். "நாம இருக்கணும்ல? அந்தக் காம்பவுண்டுல பொணத்தக் கிடத்துனவளுகன்னு ஒரு பேரு வந்துச்சுன்னா, ராயபுரத்துல எவன்டி நமக்குக் கதவைத் திறப்பான்? ராயபுரத்தை விடு, திருப்பூருல எவன் திறப்பான்? நீ காலேசுல பாடம் சொல்றவ. எங்க நின்னு சேலை மாத்துவ?"

பதில் இல்லாதபோது கற்றவர்கள் செய்வதை அவளும் செய்தாள். கற்றதற்குள் போய் ஒளிந்துகொண்டாள். இரவெல்லாம் அவளுக்கு இன்னொரு சொல்தான் துணைக்கு வந்தது. ஆங்கிலத்தின் 'ஹோம்' ஆதியில் ஒரு தனி வீட்டைக் குறித்ததில்லை; கிராமத்தை, ஊரைக் குறித்தது. இங்கிலாந்தின் எத்தனையோ ஊர்ப்பெயர்களின் வாலில் அது 'ஹாம்' என்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுமட்டுமா? பழைய ஆங்கிலேயர்கள் கல்லறையை 'நீண்ட வீடு' என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஊருக்குத் திரும்புவதுதான் வீடு திரும்புவது. அப்பா கேட்பது ஒரு பாயை, நான் தரப்போவது ஒரு வேரை. விடியும்போது அவளுடைய வாதம் ஆய்வுக்கட்டுரையின் பத்தியைப்போல் குறையில்லாமல் முடிந்திருந்தது. நான்காம் நம்பர் முனீஸ், அவள் சித்தப்பா என்று அழைக்கிறவர், வண்டி பேசிவிட்டதாகச் சொன்னபோது அவள் சரி என்றாள்.

வண்டிக்காரர் இசக்கிமுத்து திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆஸ்பத்திரி வாசல்களிலிருந்து தெற்கே ஆட்களைக் கொண்டுசேர்ப்பதே அவர் தொழில். ராஜபாண்டியை ஸ்ட்ரெச்சரோடு வேனின் பின்பெஞ்சில் கிடத்தி, உருண்டுவிடாமல் இரண்டு பக்கமும் தலையணையைச் செருகிய நேர்த்தியில் அந்தத் தொழிலின் பழக்கம் தெரிந்தது. முனீஸ் முன்னால் ஏறினார். தாயும் மகளும் பின்னால், ஆக்சிஜன் உருளைக்குப் பக்கத்தில்.

ஆஸ்பத்திரி தாராபுரம் சாலையிலேயே இருந்ததால் வண்டி ராயபுரத்தின் பக்கம் போகவேண்டிய அவசியமே இல்லாமல் தெற்கே திரும்பியது. கோவில்வழி தாண்டியதும் ராஜபாண்டி கண்ணைத் திறந்தார். படுத்த நிலையில் அவருக்குத் தெரிந்தது சன்னலின் மேல்பாதியில் ஓடிய வானம் மட்டும்.

"ராயபுரம் வந்திருச்சாத்தா?"

நாகஜோதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அபிராமி அப்பாவின் நெற்றியில் கையை வைத்தாள்.

"வந்துகிட்டே இருக்குப்பா. டிராஃபிக்."

"மோட்டர் யாரு போடுவா இன்னைக்கி?"

"ராமாயி அத்தை போட்டுருவாங்க. நீங்க தூங்குங்க."

அவர் கண்ணை மூடினார். சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டார், மறுபடி அவள் அதையே சொன்னாள். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை, நம்பிவிட்டார். வழி தவறச் செய்தல், ஏமாற்றுதல், தாமதிக்கச் செய்தல் என்று எத்தனை பேருக்கு அவள் அந்தச் சொல்லை வகுப்பில் விளக்கியிருக்கிறாள்! அதன் முழு அகராதியையும் இப்போது அவள் கையே நடத்திக்கொண்டிருந்தது. கட்டிவைத்த வாதத்தில் ஒரு வரிகூட அந்த நெற்றியின் சூட்டுக்கு முன்னால் நிற்கவில்லை. வண்டியைத் திருப்பச் சொல்ல அப்போதே வாய் எழுந்தது. எதிரே தாயின் முகத்தைப் பார்த்தாள். வாய் அடங்கியது.

கொடுவாய் போயிற்று. குண்டடத்தைத் தாண்டி, காற்றாலைகள் நிற்கும் பொட்டல்வெளியில், மூச்சின் ஓசை நின்றது. முதலில் அதைக் கேட்டது இசக்கிமுத்துதான். ஓரங்கட்டி, பின்னால் வந்து, கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். ஆக்சிஜனின் திருகை மூடினார்.

"முடிஞ்சுட்டும்மா. சத்தம் காட்டாதீய. தூங்குதாருன்னே வச்சுக்கிடுங்க. சாயங்காலத்துக்குள்ள ஊரு போயிரலாம்."

நாகஜோதி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அந்தப் பழக்கம் அவளுக்குக் காம்பவுண்டு கொடுத்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அபிராமிக்குள் ஏதோ ஒன்று, வீரமோ தெளிவோ அல்ல, களைப்பைப் போன்ற ஒன்று, தரைதட்டியது.

"வண்டியைத் திருப்புங்கண்ணே."

"எங்கம்மா?"

"ராயபுரம்."

முனீஸ் முன்சீட்டிலிருந்து உடம்பை முறுக்கித் திரும்பினார். "பாப்பா, என்ன பேசுற? இப்பப் போயி என்ன ஆகப்போவுது? அண்ணனுக்கா தெரியப்போவுது?"

"தெரியாது சித்தப்பா."

"அப்புறம்? உசுரோட இருக்கையில கொண்டுபோயிருந்தாலாவது ஒரு ஞாயம். நாங்களும் அங்கனதான் புள்ளகுட்டியோட கிடக்கோம். வண்டி பேசுனவன் நான். நாளைக்கி அவரு என் மூஞ்சியில முழிப்பாரா? மதினி, நீங்க சொல்லுங்க."

நாகஜோதி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "வேணாம்டி," என்றாள். "எனக்கு நிக்க இடமில்லாமப் பண்ணிராத. உன் கால்ல விழுறேன்."

"இடம் போயிரும்மா," என்றாள் அபிராமி. "எனக்கும் தெரியுது. திருப்புங்கண்ணே."

இசக்கிமுத்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இப்படி யாரும் கேட்டு அவர் பார்த்ததில்லை. பிறகு போய் வண்டியைத் திருப்பினார்.

கொடுவாய் வந்ததும் முனீஸ் நிறுத்தச் சொன்னார். இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கிடந்தவரைப் பார்த்துக் கும்பிட்டார். கண்ணீர் ஓடியது. "நான் இந்த வண்டியில இல்ல பாப்பா. குண்டடத்துலயே இறங்கி பஸ்ஸுல வந்ததா இருக்கட்டும்," என்றார். அவரை அவள் கோபிக்கவில்லை. அவருக்கும் ஒரு கதவு இருந்தது.

வண்டி காம்பவுண்டுக்கு வந்தபோது உச்சிவெயில். எல்லோரும் கம்பெனிகளுக்குப் போயிருந்தார்கள். மூன்றாம் நம்பர் ராமாயி மட்டும் குழாயடியில் துவைத்துக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்தாள், பின்சீட்டைப் பார்த்தாள், பிழிந்துகொண்டிருந்த துணியை வாளியிலேயே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்த் தாழிட்டாள். தாழின் ஓசை அந்தச் சந்து முழுக்கக் கேட்டது. ஏழாம் நம்பரின் சாவி நாகஜோதியின் இடுப்பில் இருந்தது. அபிராமி கையை நீட்டினாள். வெகுநேரம் நீட்டிக்கொண்டிருந்தாள். நாகஜோதி சாவியைத் தரவில்லை. மகள் அதை அவள் இடுப்பிலிருந்து அவிழ்த்தபோது தடுக்கவும் இல்லை.

மாடிப்படியில் தண்டாயுதபாணி சட்டையின் பொத்தானைப் போட்டபடி இறங்கி வந்தார்.

"ஏனுங்க கண்ணு, ஏதாச்சும் மறந்து வெச்சுட்டுப் போயிட்டீங்களா? சொல்லியிருந்தா எடுத்து வெச்சிருப்பனே."

அவர் குரலில் எப்போதும்போல் பரிவு இருந்தது. அவள் தப்பிக்க ஒரு வழியைத்தான் அந்தக் கேள்வியில் அவர் திறந்து வைத்திருந்தார். ஆமாங்க என்று சொல்லி, ஒரு துணிமூட்டையை எடுத்துக்கொண்டு, மறுபடி தெற்கே போய்விடலாம். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வழியனுப்பும்போது ஒரு சொம்பு தண்ணீரும் கொடுப்பார்கள்.

"இல்லீங்க," என்றாள். "எங்கப்பா செத்துப்போயிட்டாருங்க."

"கண்ணு..." அவர் கையை உயர்த்தி, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசுங்க சாமி. அந்த வார்த்தைய இங்க நின்னு..."

இசக்கிமுத்து வண்டியின் பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தைப் பிடித்திருந்தார். அபிராமி கால்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். அவள் நினைத்ததைவிட அது இலேசாக இருந்தது. மூடிய கதவுகளுக்கெல்லாம் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"எங்கப்பா ராஜபாண்டி செத்துப்போயிட்டாரு. ஏழாம் நம்பர்ல கிடத்தப் போறோம். பாக்கணும்னு நினைக்கிறவங்க வந்து பாத்துட்டுப் போங்க."

எந்தக் கதவும் திறக்கவில்லை. அவள் சந்துக்குள் நடந்தாள்.